உடல் எனும் அமானிதம்: வருமுன் காக்கும் பரிசோதனை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி, மத்ரஸா மண்டபத்தில் மஃரிபுத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்தும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறியும் எனது உரையைத் தொடங்குகிறேன்.     

ஆண்டுதோறும் இந்த மேடையில் நான் மார்க்க விஷயங்களையே பேசி வந்திருக்கிறேன். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் தலைப்பைக் கேட்டபோது, மாரடைப்பைப் பற்றியும் அதை முன்கூட்டி அறியும் பரிசோதனைகளைப் பற்றியும் பேசப் போகிறேன் என்றேன். "ஹஜ்ரத், அதற்கு ஒரு டாக்டரை அழைத்து விடலாமே" என்றார் அவர். நியாயமான சொல்தான். நான் மருத்துவன் அல்லன். எவருக்கும் மருந்து சொல்ல நான் வரவில்லை. ஆனால் மருத்துவர்கள் பார்க்காத ஓர் இடத்தில் நான் நிற்கிறேன். அவர்களுடைய கையை விட்டு நழுவிய பிறகு, மையித்தாக ஒருவர் வந்து சேர்வது என் முன்னால்தான். குளிப்பாட்டும் கட்டிலின் அருகே நின்று கண்டதை உங்களிடம் சொல்லாமல் இருந்தால், அது நான் செய்யும் மோசடியாகி விடும் என்று அஞ்சுகிறேன்.

ஒரு துண்டுச் சீட்டு

சென்ற ஆண்டு நமது மஹல்லாவில் ஒரு சகோதரர் வபாத்தானார். வயது நாற்பத்தாறு. முதல் நாள் இரவு இஷாத் தொழுகையில் என் பின்னால் முதல் வரிசையில் நின்றவர். பஜ்ருக்கு வரவில்லை. பாங்கு சொல்லி முடிக்கும் முன்பே அவர் வீட்டிலிருந்து ஆள் வந்து விட்டது. ஜனாஸாவிற்கு வந்த அத்தனை பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தார்."

நாற்பது நாள்கள் கழிந்த பின், அவருடைய துணைவியார் அவர் படித்த கிதாபுகளை நமது மத்ரஸாவிற்குக் கொடுத்தனுப்பினார். அவற்றை அடுக்கும்போது ஒரு நூலின் நடுவிலிருந்து மஞ்சள் நிறத் துண்டுச் சீட்டு ஒன்று கீழே விழுந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே மண்டபத்தில் நமது ஜமாஅத் நடத்திய மருத்துவ முகாமில் கொடுக்கப்பட்ட சீட்டு அது. அதில் அவருடைய பெயர், வயது, அதன் கீழே 170/110 என்ற எண்கள், அதற்கும் கீழே "உடனே மருத்துவரைப் பார்க்கவும்" என்ற ஒரு வரி.

அந்தக் குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்றே இதனைச் சொல்கிறேன். "ஹஜ்ரத், சொல்லுங்கள். இன்னொரு வீட்டிற்காவது உதவட்டும்" என்றார் அந்தச் சகோதரி.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம், அதே முகாமில் எனக்கும் ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார்கள். எழுந்து தேடினேன். நான் பாடம் நடத்தும் ஒரு நூலுக்குள், பக்க அடையாளமாக அது இருந்தது. 152/96. "ஒரு வாரத்தில் மீண்டும் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வாரம் எனக்கு இரண்டு ஆண்டுகளாக வரவே இல்லை.

பெருமக்களே! அந்த முகாமின் புகைப்படத்தை நமது ஆண்டறிக்கையில் அச்சிட்டோம். இத்தனை பேர் பயனடைந்தனர் என்றும் எழுதினோம். அவர்கள் உண்மையில் பயனடைந்தனரா? அளந்தோம், சீட்டுக் கொடுத்தோம், பந்தலைப் பிரித்தோம். அதன் பிறகு அவர்களில் ஒருவரையாவது சென்று பார்த்தோமா? குற்றம் சொல்வதானால் முதலில் என்னையே சொல்லிக் கொள்கிறேன்.

"நன்றாக இருந்தார்" என்பதன் பொருள்

நேற்று வரை நன்றாக இருந்தார் என்கிறோம். அவர் நன்றாக இருக்கவில்லை. வலி இல்லாமல் இருந்தார். இரண்டும் ஒன்றல்ல.

இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. துடிக்கும்போது நாளங்களின் சுவர் மீது ஏற்படும் அழுத்தம் மேல் எண். இரண்டு துடிப்புகளுக்கு இடையில் இதயம் தளரும்போது இருக்கும் அழுத்தம் கீழ் எண். வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140-க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ இருந்தால் அதனை உயர் இரத்த அழுத்தம் என்கிறார்கள். தாங்கும் சக்திக்கு மேல் தண்ணீர் பாயும் வாய்க்காலின் கரை எப்படி அரிக்குமோ, அப்படி நாளத்தின் உட்சுவர் பழுதடைகிறது. பழுதடைந்த இடத்தில் கொழுப்புப் படிகிறது. சர்க்கரை நோயும் புகையும் அந்தப் பழுதை விரைவுபடுத்துகின்றன. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன் மீது இரத்தம் உறைந்து அடைத்துக் கொள்கிறது. அந்த அடைப்பு இதய நாளத்தில் ஏற்பட்டால் மாரடைப்பு. மூளை நாளத்தில் ஏற்பட்டால் பக்கவாதம்.

இத்தனையும் பத்து, இருபது ஆண்டுகள் ஓசையின்றி நடக்கும். தலை சுற்றாது, தலை வலிக்காது. "எனக்குத் தலை சுற்றல் இல்லை, ஆகவே பிரஷரும் இல்லை" என்று நம்மில் பலர் சொல்லிக் கொள்வது ஆதாரமற்ற சமாதானம். பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இராது. அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

உலக அளவில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் இதய, இரத்த நாள நோய்களால் 1 கோடியே 79 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. வேறெந்த வகை நோயும் இவ்வளவு உயிர்களைக் கொண்டு செல்வதில்லை.

ஒரு வல்லரசின் தலைவர்

அமெரிக்க அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று தமது 63-ஆவது வயதில் மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் இறந்தார். அன்று அவருக்கு அளக்கப்பட்ட இரத்த அழுத்தம் 300/190. அவருடைய அழுத்தம் பல ஆண்டுகளாகவே உயர்ந்து கொண்டிருந்தது மருத்துவக் குறிப்புகளில் பதிவாகியிருந்தது. உலகின் பெரும் படையும் செல்வமும் அவர் கையில் இருந்தன. ஆனால் வயதானால் அழுத்தம் ஏறுவது இயல்பே என்று அக்கால மருத்துவர்கள் பலர் கருதியிருந்தனர். சரியான மருந்துகளும் அன்று இல்லை.

அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1948-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராமிங்காம் என்ற ஊரில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. 30 வயது முதல் 62 வயது வரையிலான 5,209 ஆண்களும் பெண்களும் அதில் சேர்க்கப்பட்டனர். நோயாளிகளைத் தேடிச் செல்லாமல், நோயில்லாத மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, யாருக்கு நோய் வருகிறது, அவர்களிடம் முன்பே இருந்தது என்ன என்று பார்த்தார்கள். உயர் அழுத்தம், இரத்தக் கொழுப்பு, புகை, சர்க்கரை ஆகியவை பல ஆண்டுகளுக்கு முன்பே ஆபத்தைச் சொல்லி விடுகின்றன என்பது இத்தகைய ஆய்வுகளால்தான் உறுதியாயிற்று. இன்று மருத்துவர்கள் எளிதாகச் சொல்லும் "ஆபத்துக் காரணிகள்" என்ற சொல் 1961-இல் அந்த ஆய்வறிக்கையின் வாயிலாகத்தான் பரவியது.

அந்த அதிபருக்குக் கிடைக்காத அறிவும் மருந்தும் இன்று நமது தெருமுனை மருந்தகத்தில் இருக்கின்றன. நாமோ சீட்டைக் கிதாபுக்குள் வைத்து விடுகிறோம்.

சுரங்கத் தொழிலாளர்களின் மருத்துவர்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கிளின்கோரக் என்றொரு சிற்றூர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த, ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைக் கொண்ட ஏழை ஊர். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1960-களின் தொடக்கத்தில் அங்குச் சென்று பொது மருத்துவராகப் பணி செய்தார். 1968-இல் அவர் ஒரு முடிவெடுத்தார்: தம்மிடம் பதிவு செய்துள்ள ஊர் மக்களில், வயது வந்தோர் ஒருவர் விடாமல் அனைவருக்கும் இரத்த அழுத்தம் அளப்பது என்று.

அதற்கு அவர் பந்தல் போடவில்லை, மேடை போடவில்லை. இருமலுக்கு வந்தவருக்கும் அளந்தார். கால் வலிக்கு வந்தவருக்கும் அளந்தார். ஊர் மக்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு காரணத்திற்காக ஆண்டில் ஒருமுறையாவது மருத்துவரிடம் வரத்தான் செய்வார்கள். வராதவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, அவர்களைத் தேடிப் பிடித்தார். அழுத்தம் மிகுந்தவர்களைத் தொடர்ந்து பல்லாண்டுகள் கவனித்து வந்தார். இருபத்தைந்து ஆண்டுகளின் கணக்கை 1991-இல் வெளியிட்டபோது, அதே நிலையில் இருந்த அண்டை ஊருடன் ஒப்பிட, 65 வயதுக்குள் இறப்போர் அவ்வூரில் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தனர்.

வானளாவிய மருத்துவமனையோ விலையுயர்ந்த கருவியோ அவரிடம் இல்லை. கையில் கட்டும் ஒரு பட்டை, ஒரு பதிவேடு, வராதவரைத் தேடும் பொறுமை, இவ்வளவுதான். தேவை மிகுந்த ஏழைகளுக்கே நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்ற உண்மையை 1971-இல் எழுதி உலகிற்குச் சுட்டிக் காட்டியவரும் அவரே. 2018-இல் தமது 91-ஆவது வயதில் அவர் மறைந்தார்.

அவர் காலத்து மருத்துவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அதற்குப் பாதி விதி என்று பெயர். ஊரில் நூறு பேருக்கு உயர் அழுத்தம் இருந்தால், அது தமக்கு உண்டு என்று அறிந்தவர் ஐம்பது பேர். அவர்களில் மருந்து உண்பவர் இருபத்தைந்து பேர். அவர்களிலும் அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். இது எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் கணக்கு அன்று. ஆயினும் நம்முடைய தெருக்களில் நீங்களே எண்ணிப் பாருங்கள், பாடம் விளங்கும். அளப்பது முதற்படி மட்டுமே. அதற்கு மேல் இன்னும் இரண்டு படிகள் உள்ளன.

நமக்குச் சற்று முன்னதாகவே வருகிறது

கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் பயின்று, கனடாவில் பணியாற்றும் இதய மருத்துவ ஆய்வாளர் ஸலீம் யூசுப் அவர்களின் தலைமையில் 52 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. 2004-இல் அதன் முடிவுகள் வெளியாயின. எளிதில் அறியத்தக்க ஒன்பது காரணிகளே உலகெங்கும் முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்திற்குக் காரணம் என்று அது கண்டது. புகை, இரத்தக் கொழுப்பின் மாறுபாடு, உயர் அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப் பருமன், மனஅழுத்தம், காய் கனி குறைந்த உணவு, உடல் உழைப்பின்மை, மது தொடர்பான பழக்கம் ஆகியவையே அவை. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 2007-இல் வெளியான மற்றொரு கட்டுரை, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசிய மக்களுக்கு 53 என்றும், மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 என்றும் காட்டியது.

ஆறு ஆண்டுகள் முந்தி வருகிறது! ஆறு ஆண்டுகள் என்றால் என்ன? ஒரு மகளின் நிக்காஹ். ஒரு மகனின் படிப்பு. வளைகுடாவில் இருந்து திரும்பி வந்து குடும்பத்தோடு இருப்போம் என்று ஒத்தி வைத்த காலம்.

எவற்றைப் பார்க்க வேண்டும்?

இங்கிலாந்தில் 2009 முதல், இந்நோய்கள் ஏற்கெனவே கண்டறியப்படாத 40 முதல் 74 வயது வரையுள்ளோரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனைக்கு அழைக்கின்றனர். வயது, அழுத்தம், கொழுப்பு, புகை, குடும்ப வரலாறு ஆகியவற்றைச் சேர்த்து, அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிடுகின்றனர். தெற்காசிய வம்சாவளியினர் என்பதும் அக்கணக்கில் சேர்க்கப்படுகிறது. நமது நாட்டிலோ, 30 வயதைக் கடந்தோர் அனைவருக்கும் அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் உள்ளது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டு, வீட்டு வாசலிலேயே அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தரும் முறை வந்தது. 2023-இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பின் அறிகுறியோடு வருவோருக்குத் தொடக்க மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தர வழி செய்யப்பட்டது.

நம்மவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துக் கொள்ள வேண்டியவை சிலவே. இரத்த அழுத்தம். வெறும் வயிற்றில் சர்க்கரை, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை. இரத்தக் கொழுப்பு. இடுப்புச் சுற்றளவு; நம் மக்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போனால் எச்சரிக்கை. தந்தைக்கோ உடன்பிறந்தோருக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதனையும், புகைப்பழக்கம் இருந்தால் அதனையும் மறைக்காமல் சொல்லி விடுங்கள்.

அழுத்தம் அளக்கும் முறையிலும் கவனம் தேவை. அரை மணி நேரத்திற்கு முன் தேநீரும் புகையும் கூடாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமைதியாக அமர வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. இருமுறை அளக்க வேண்டும். படியேறி வந்த வேகத்தில் ஒருமுறை அளந்து, அதை வைத்து நோயாளி என்று எவரையும் சொல்லி விட முடியாது. நோயில்லை என்றும் சொல்லி விட முடியாது.

அளவுக்கு மிஞ்சியதும் வேண்டாம்

உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் ஏறத்தாழ அறுபதாயிரம் பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினரைப் பரிசோதனைக்கும் அறிவுரைக்கும் அழைத்தார்கள், மற்றவர்களை அழைக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின் பார்த்தால், இதய நோயிலோ மரணத்திலோ இரு பகுதியினருக்கும் வேறுபாடு தென்படவில்லை. 2014-இல் இம்முடிவு வெளியானது.

அப்படியானால் பரிசோதனை வீணா? இல்லை. உயர் அழுத்தம் உள்ளோருக்கு மேல் எண்ணை 10 அளவு குறைத்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் நிறுவியிருக்கிறார்கள். ஆகவே மருத்துவத்தின் பலனில் ஐயமில்லை. அழைப்பதோடு முடிந்து விடும் முகாம்தான் பலன் தராது என்று நான் விளங்கிக் கொள்கிறேன். முகாமிற்கு வருவோர் பெரும்பாலும் தம் உடலில் அக்கறையுள்ளோர். வர வேண்டியவர் கடையிலேயே இருந்து விடுகிறார்.

மற்றொன்று. "முழு உடல் பரிசோதனைச் சலுகை" என்று துண்டறிக்கைகள் வீட்டுக்கு வருகின்றன. எந்தத் தொல்லையும் இல்லாத, ஆபத்துக் குறைந்த ஒருவருக்கு இ.சி.ஜி.யும் ஸ்கேனும் வரிசையாக எடுப்பதால் நன்மை உறுதியில்லை. வீண் அச்சமும் வீண் செலவும் நேரலாம். இ.சி.ஜி. சரியாக இருந்தது என்பதால் வருங்காலத்தில் மாரடைப்பு வராது என்றும் பொருளில்லை. எது தேவை என்பதை உங்களை நன்கறிந்த ஒரு பொது மருத்துவர் சொல்லட்டும். கடன் வாங்கிப் பரிசோதனை செய்ய வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசல் திறந்தே இருக்கிறது.

விதியும் முயற்சியும்

"மௌத்து எழுதப்பட்ட நேரத்தில் வந்தே தீரும், பரிசோதனை எதற்கு?" என்று கேட்போர் உண்டு. மௌத்தின் நேரம் அல்லாஹ்விடம் உள்ளது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிய பின் தவக்குல் வைக்கும்படி கற்றுத் தந்த நபிகளாரின் உம்மத் நாம். கடைக்குப் பூட்டுப் போடும்போது விதியைப் பேசாதவர், உடலுக்கு மட்டும் ஏன் விதியைப் பேசுகிறார்?

நமது ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு அறிஞர்களில் ஒருவரான இப்னு நஃபீஸ் அவர்கள் மருத்துவருமாவார். கெய்ரோவில் வாழ்ந்து 1288-இல் மறைந்தவர். இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நடுச்சுவர் வழியாக இடப்பக்கம் செல்வதில்லை, நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே இடப்பக்கம் திரும்புகிறது என்று ஐரோப்பியர் அறிவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர். ஃபிக்ஹு கிதாபையும் இதயத்தின் அமைப்பையும் ஒரே வாழ்நாளில் ஆராய்ந்த அவருக்கு அவ்விரண்டும் முரணாகத் தோன்றவில்லை.

மாத்திரையும் ரமளானும்

அழுத்தம் சரியாகி விட்டது என்று மாத்திரையை நிறுத்துவோர் பலர். அது சரியானது மாத்திரையால்தான். நிறுத்தினால் ஏறி விடும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

ரமளானில் நிறுத்தி விட்டு ஷவ்வாலிலும் மறந்து விடுவோரை நான் அறிவேன். நாளுக்கு ஒருமுறை உண்ணும் பல மாத்திரைகளை ஸஹரிலோ இஃப்தாரிலோ உண்ணும்படி மருத்துவரால் மாற்றித் தர முடியும். சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்போர், ரமளானுக்கு ஓரிரு மாதங்கள் முன்பே மருத்துவரைக் கலந்து கொள்ளுங்கள். நோன்பு உமக்குத் தீங்கு என்று நம்பகமான மருத்துவர் சொன்னால், மார்க்கம் தந்துள்ள சலுகையை ஏற்றுக் கொள்ளுங்கள். அது பற்றி என்னிடம் வந்து கேட்கத் தயங்காதீர்கள். பரிசோதனைக்காக ஊசியால் சிறிது இரத்தம் எடுப்பதால் நோன்பு முறிவதில்லை.

உணவைப் பற்றியும் ஒரு சொல். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு உட்பட்ட உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு சிறு கரண்டி அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கல்யாணப் பிரியாணி எல்லாமும் அந்தக் கரண்டிக்குள்தான் அடங்க வேண்டும். பீடி, சிகரெட்டை விட்டவருக்கு ஓராண்டிலேயே இதய நோயின் கூடுதல் ஆபத்துப் பாதியாகக் குறைகிறது. பள்ளிவாசலுக்கு வாகனத்தில் வருவோர், நடந்து வந்தால் இரண்டு நன்மைகள்.

திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களே! இது ஆண்களின் நோய் என்று எண்ணி விடாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் நீங்கள் உங்கள் கையை ஒருநாளும் நீட்டுவதில்லை. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு எப்போதும் நெஞ்சுவலியாக வருவதில்லை. மூச்சுத் திணறல், வியர்வை, குமட்டல், தாடை வலி, தாங்க முடியாத சோர்வாகவும் வரலாம். வாயுத் தொல்லை என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

ஜமாஅத்திற்கு எனது வேண்டுகோள்

நிர்வாகக் குழுவின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, தரமான இரத்த அழுத்தக் கருவிகள் இரண்டை வாங்கி, ஒன்றை மத்ரஸா அலுவலகத்திலும் மற்றொன்றைப் பெண்கள் பகுதியிலும் வைப்போம். இரண்டாவது, தெருவிற்கு ஒருவராகப் பொறுப்பாளர்களை நியமிப்போம். பெண்களுக்குப் பெண்களே இருக்கட்டும். மூன்றாவது, 30 வயதைக் கடந்தோரின் பதிவேடு ஒன்றைத் தொடங்குவோம். அதிலுள்ள எண்கள் அமானிதம். பொறுப்பாளரைத் தவிர எவரும் பார்க்கக் கூடாது. சம்பந்தம் பேசும் வீட்டில் அவை பேசப்பட்டால், மறுநாள் ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள். நான்காவது, அளவு மிகுந்தவரை ஒரு மாதத்திற்குள் மீண்டும் சந்தித்து, மருத்துவரைப் பார்த்தாரா என்று கேட்போம். பார்க்காவிட்டால் உடன் அழைத்துச் செல்வோம்.

அடுத்த ஆண்டறிக்கையில், முகாமிற்கு வந்தவர் எத்தனை பேர் என்று அச்சிட வேண்டாம். மருந்து தொடர்ந்து உண்பவர் எத்தனை பேர், அழுத்தம் கட்டுக்குள் வந்தவர் எத்தனை பேர் என்று அச்சிடுவோம். எண்ணிக்கை சிறிதாக இருந்தாலும் அதுவே உண்மையான கணக்கு.

என்னைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அந்தச் சீட்டைக் கண்டெடுத்த மறுநாள் மருத்துவரிடம் சென்றேன். இரண்டு வாரங்களில் மூன்று முறை அளந்தார். பிறகு ஒரு மாத்திரை தந்தார். உப்பைக் குறைத்து, நடக்கச் சொன்னார். சென்ற வாரம் 128/82. இது எனது திறமை அன்று. எனக்குக் கிடைத்த அவகாசம். முதல் வரிசையில் நின்ற அந்தச் சகோதரருக்கும் அதே சீட்டுத்தான் கிடைத்தது. அவர் வீட்டுக் கதவை நாம் ஒருவரும் தட்டவில்லை.

இன்று இஷாத் தொழுகைக்குப் பின் மண்டப வாசலில் ஒரு கருவி வைக்கப்பட்டிருக்கும். முதல் கையை நான் நீட்டுகிறேன். முத்தவல்லி அவர்கள் இரண்டாவதாக அமர இசைந்திருக்கிறார்கள். இளைஞர்களே, வீட்டுக்குச் சென்று உங்கள் வாப்பாவை அழைத்து வாருங்கள்.

அல்லாஹ் மறைந்த நம் சகோதரர்களின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக! அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாதுகாவலனாக இருப்பானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இந்த உடல்களின் கணக்கை நல்ல முறையில் ஒப்படைக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.